டைகருக்குத் தாகம்

ஏற்காட்டில் என் பெரியப்பா வீட்டு நாயின் பெயர் டைகர். பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். டாஷண்ட் ஜாதி. உயரம் ஒரு சாண், நீளம் ஒரு பெஞ்ச். மே மாதக் கோடை விழாவில் நாய்கள் கண்காட்சி நடக்குமே, அதற்கு ஒரு வருஷம் பெரியப்பா இவனைப் பெருமையாகக் கூட்டிப் போனார். பரிசு கொடுக்க வந்தவரின் ஷூ லேஸை அவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தான். அதுதான் அவன் வாழ்நாள் சாதனை.

இப்போது பதினோரு வயசு. பென்ஷன் வாங்குகிற பருவம்.

போன டிசம்பரில் பெரியம்மா சேலத்துக்கு போன் செய்தார். "டேய் தம்பி, இவன் குடிக்கிற தண்ணிக்குத் தனியா ஒரு போர் போடணும் போல இருக்குடா. ராத்திரியெல்லாம் வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போறான். நான் சாமி கும்புடுறதா, தரை தொடைக்கிறதா?"

பின்னாலிருந்து பெரியப்பாவின் குரல்: "வயசானாலும் பையன் நல்லா சாப்பிடறான். அதச் சொல்லு!"

சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்துப் போனேன். வயிறு பானை மாதிரி தொங்குகிறது. வாலில் முடி இல்லை. ஐயாயிரம் அடி உயரத்தில், மார்கழிக் குளிரில் நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்தி நடுங்க, இவன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சிரைக்கிறான். ஒரு காலத்தில் சோபாவில் தாவி என் இடத்தைப் பிடித்துக்கொள்பவன், மூன்று படி ஏற முடியாமல் கீழேயே நின்று என்னைப் பார்த்தான்.

நான் பி.காம். எதையும் எழுதிப் பார்த்தால்தான் புரியும். ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து கிண்ணத்தில் ஊற்றி, மறுநாள் மிச்சத்தைக் கழித்து நோட்டில் குறித்தேன். 1,700 மில்லி. டைகரின் எடை ஒன்பது கிலோ. ஒரு நாய் ஒரு நாளில், கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் ஏதோ கோளாறு என்பது டாக்டர்களின் கணக்கு. அதாவது 900. இவன் ஏறக்குறைய டபுள்!

மறு வாரம் ஜீப்பில் சேலத்துக்குக் கிளம்பினோம். சுமார் முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஆறு வளைவுகளில் டைகருக்காக நிறுத்தினோம். ஒன்றில் எனக்காக.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "சொறி, அரிப்புன்னு ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி ஏதாவது ரொம்ப நாள் கொடுத்தீங்களா?" இல்லை. கொடுத்திருந்தாலும் இதே அறிகுறிகள் வருமாம். அப்படி வந்தது என்றால் ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவதுதான் வைத்தியம். சட்டென்று நிறுத்தினால் ஆபத்து.

பிறகு எட்டு மணி நேர டெஸ்ட். காலையில் ஒரு முறை ரத்தம், உடனே ஓர் ஊசி; நாலு மணி நேரம் கழித்து ரத்தம், எட்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். நடுவில் டைகரை எங்கே வைத்துக்கொள்வது? கிளினிக் வாசல் புங்க மரத்தடியில் பெரியப்பாவும் நானும் ஒரு நாள் முழுக்கக் குந்தியிருந்தோம். போகிறவர்கள் எல்லாம் "கடிக்குமா?" என்றார்கள். பசியில் இருந்த பெரியப்பா, "நாய் கடிக்காது" என்றார்.

ரிசல்ட் வந்தது. குஷிங் நோய்.

ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை நிபுணர், 1932-ல் மனிதர்களிடம் விளக்கி எழுதிய வியாதி இது. நாய்களுக்கும் வரும், வயசான நாய்களுக்குத்தான் அதிகம். ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ஹெட் ஆபீஸ். சிறுநீரகங்களை ஒட்டி இருக்கும் இரண்டு அட்ரீனல் சுரப்பிகள், பிராஞ்ச். பிராஞ்சில் தயாராகும் சரக்கு கார்டிசால். அளவாக இருந்தால் உயிர் காக்கும். ஹெட் ஆபீசில் சின்னதாக ஒரு கட்டி முளைத்துவிட்டால், "உற்பத்தியைக் கூட்டு" என்று மெமோ மேல் மெமோ பறக்கும். பிராஞ்ச் மானேஜர் பாவம், ராப்பகலாக ஓட்டுகிறார். நூற்றில் எண்பது, எண்பத்தைந்து நாய்களுக்கு இந்தக் கதைதான். மீதிக்குப் பிராஞ்சிலேயே கட்டி. டைகரின் வயிற்றை ஸ்கேன் செய்ததில் இரண்டு பிராஞ்சும் சமமாக வீங்கியிருந்தன. ஆக, கோளாறு ஹெட் ஆபீசில்.

பெரியப்பாவின் "நல்லா சாப்பிடறான்" அந்த நிமிஷத்தோடு நின்றுபோனது. அந்தப் பசியும் வியாதிதான்.

மருந்து உண்டு. ட்ரைலோஸ்டேன் என்று பெயர். 2008-ல் அமெரிக்காவில் நாய்களுக்கென்று அனுமதி பெற்றது. அதற்கு முன்னால் மைட்டோட்டேன் என்று ஒன்று, டி.டி.டி. பூச்சிக்கொல்லியின் சொந்தக்காரன். ட்ரைலோஸ்டேன் கட்டியைத் தொடாது. பிராஞ்சில் உற்பத்தியை மட்டும் மட்டுப்படுத்தும். ஆயுசுக்கும் கொடுக்கவேண்டும், சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும். பத்துப் பதினாலு நாளில் ரத்தப் பரிசோதனை, ஒரு மாதத்தில் இன்னொன்று, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. கர்ப்பிணிகள் காப்ஸ்யூலைக் கையால் தொடக்கூடாது. (என் தங்கை ஏழு மாதம். ஏற்காட்டுப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.)

செலவு? எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ரிட்டையர் ஆனவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் பெரியப்பா யோசித்தது வேறு. மருந்து கொஞ்சம் அதிகமாகிவிட்டால் கார்டிசால் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். வாந்தி, சாப்பிட மறுப்பது, துவண்டு விழுவது. உடனே மருந்தை நிறுத்தி டாக்டரிடம் ஓடவேண்டும். இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து. சேலத்தில் இருப்பவன் ஆட்டோவைக் கூப்பிடுவான். ராத்திரி ரெண்டு மணிக்கு, மூடுபனியில், இருபது வளைவை யார் இறக்குவது? பெரியப்பாவுக்கு எழுபத்திநாலு வயசு, ஒரு கண்ணில் புரை.

"டாக்டர், ஒண்ணும் கொடுக்காம விட்டா?" என்று கேட்டார்.

டாக்டர் நல்ல மனிதர். பயமுறுத்தவும் இல்லை, பூசி மெழுகவும் இல்லை. "தொந்தரவு ரொம்பக் கம்மியா இருந்தா கொஞ்ச நாள் கவனிச்சுப் பார்க்கலாம். தப்பில்லை. அப்படியே விட்டா பிரஷர், யூரின் இன்ஃபெக்‌ஷன், ரத்தம் உறையறதுன்னு வரலாம். மருந்து கொடுத்தா இத்தனை வருஷம் கூடும்னு கேரண்டி தரமாட்டேன். இருக்கிற நாள் சுகமா இருக்கும். நீங்க ஒண்ணு யோசிங்க. கஷ்டம் நாய்க்கா, உங்களுக்கா?"

வீட்டுக்கு வந்து நோட்டில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் 'மருந்து', வலது பக்கம் 'வேண்டாம்' என்று எழுதினேன். இரண்டு பக்கமும் நிறைந்தது. டாலி ஆகவில்லை. பெரியப்பா, "எனக்கே அஞ்சு மாத்திரை. அவனையாவது நிம்மதியா விடுங்கடா" என்றார். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பேச்சே இல்லாமல் அடுப்படியில் நின்றிருந்த பெரியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "நாலு நாளா நைட்டுல தண்ணிக் கிண்ணத்த எடுத்து ஒளிச்சு வெச்சேன். தொடைச்சு மாளலைன்னு. நேத்து ராத்திரி எந்திரிச்சுப் பார்த்தா, பாத்ரூம் தரைய நக்கிட்டு இருக்கான்."

யாரும் பேசவில்லை. குஷிங் வந்த நாய்க்குத் தண்ணீரை மட்டும் குறைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பு நீரை நிறுத்தி வைக்க முடியாமல் வெளியே தள்ளுகிறது. அதை ஈடுகட்டத்தான் குடிக்கிறது. பெரியம்மா அன்றைக்குக் கிளினிக்குக்கு வரவில்லை.

"அதுவும் இல்லாம," என்றார், "வீட்டுக்குள்ள போயிட்டா, போய்க் கட்டிலுக்கு அடியில பூந்துக்கறான். நான் திட்டறதுக்கு முன்னாடியே. பதினோரு வருஷம் கதவச் சுரண்டி வெளிய போனவன்டா."

டாக்டரின் கேள்விக்கு அதுதான் பதில். பெரியப்பா எழுந்து போய்ச் சட்டையை மாட்டினார். பக்கத்து வீட்டு ஜீப்காரத் தம்பியிடம் பேசிவிட்டு வந்தார். எந்த ராத்திரி கூப்பிட்டாலும் வருகிறேன் என்று வாக்கு. டாக்டரின் நம்பர் சாமி படத்துக்குப் பக்கத்தில் சுவரில் எழுதப்பட்டது. மருந்து நிறுத்தவேண்டிய அறிகுறிகளை நான் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.

சேலத்தில் மூன்று மெடிக்கல் ஷாப்பில் ஏறி இறங்கினேன். மூவரும் "நாய்க்கா?" என்றார்கள். கடைசியில் டாக்டரே வரவழைத்துக் கொடுத்தார். குறைந்த டோஸில் ஆரம்பம். முதல் நாள் பெரியப்பா காப்ஸ்யூலை இட்லிக்குள் புதைத்து வைத்தார். டைகர் இட்லியைத் தின்றுவிட்டு, காப்ஸ்யூலைச் சுத்தமாகத் துடைத்துத் தரையில் வைத்துவிட்டான். பெரியம்மா வெண்ணெயில் உருட்டிக் கொடுத்தார். போயிற்று.

முதல் பத்து நாள் பெரியப்பா சரியாகத் தூங்கவில்லை. டைகர் தும்மினால்கூட எனக்கு போன். பதினோராம் நாள் ரத்தப் பரிசோதனையில் அளவு சரியாக இருந்தது. வாலில் இன்னும் முடி வரவில்லை. அதற்கு மாசக்கணக்காகுமாம்.

போன வாரம் போயிருந்தேன். நோட்டைப் பெரியம்மா எடுத்துக்கொண்டிருக்கிறார். பால் கணக்குக்குக் கீழே அவர் கையெழுத்தில்: '30-ம் நாள். தண்ணி 850. தரை காஞ்சிருக்கு. காலைல கதவச் சுரண்டினான்.'