மண்ணறிந்து சுருள் மாட்டுக

சென்ற பொங்கலன்று விடுதியின் பின்புறத் திடலில் நம் சங்கம் நடத்திய விழா உங்களுக்கு நினைவிருக்கும். பானை பொங்கியது, உறியடி நடந்தது, கரும்புச் சக்கை மலையாகக் குவிந்தது. பொழுது சாய்ந்தபின் முதலாண்டு மாணவி ஒருத்தி தன் காதைத் தடவிப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஒரு காதுத் தோட்டைக் காணவில்லை. பாட்டி தன் காதிலிருந்து கழற்றிப் பேத்திக்குப் போட்டுவிட்ட தோடு அது. நிறை இரண்டு கிராம் தேறினால் அதிகம். ஆனால் அதன் மதிப்பை எந்தத் தட்டாரின் தராசும் நிறுத்துச் சொல்லிவிடாது.

“பௌதிகம் படிக்கிற அண்ணன் இருக்கிறாரே!” என்று என்னைத் தேடி வந்தார்கள். நானும் பெருமிதத்தோடு, நிலநூல் பயிலும் நண்பரிடம் உலோகங்காணும் கருவியை இரவல் வாங்கி வந்தேன். ‘மெட்டல் டிடெக்டர்’ என்று நாம் சொல்கிறோமே, அதுதான். அவரிடமிருந்த சுருள்களுள் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய வலையில் மீன் அதிகம் விழும் என்பது என் கணக்கு. திடலில் கால் வைத்ததுமே கருவி எங்கும் ஓலமிட்டது. ஓலம் அடங்கும் வரை அதன் உணர்திறனைக் குறைத்தேன். பிறகு ஒரு மணி நேரம் நடந்தேன். ஒன்றும் ஒலிக்கவில்லை. “இங்கே இல்லை” என்று தீர்ப்பும் கூறிவிட்டேன்.

அந்த ஒரு சொல் செய்த தீங்கை அன்று நான் உணரவில்லை. திடலில் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்க வேண்டும் அல்லவா? மறுநாள் காலை திடலைப் பெருக்கியவர் நாமெல்லாம் ‘மாவ்ஷி’ என்று அழைக்கும் அம்மையார். ஒருவரும் அவர் முகத்துக்கு நேரே எதுவும் கேட்கவில்லை. ஆனால் முணுமுணுப்பு எழுந்தது. “கருவி பொய் சொல்லுமா?” என்றார் ஒருவர். அவருக்குத் தமிழ் தெரியாது. பார்வையின் பொருள் தெரியாமலிருக்குமா? அடுத்த இரண்டு நாட்கள் அவர் எவரிடமும் பேசாமல் பெருக்கிவிட்டுப் போனார்.

கருவி பொய் சொல்லவில்லை. நான்தான் அந்த மண்ணுக்கு ஒவ்வாத சுருளை மாட்டி, அதன் காதையும் அடைத்துவிட்டு, அதன் மௌனத்தைச் சாட்சியாகக் கொண்டேன். என் பிழை எங்கே இருந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரை.

சுருள் செய்யும் வேலை

கருவியின் அடியில் தட்டுப்போல் இருப்பதே சுருள். அதனுள் செப்புக் கம்பிச் சுற்றுகள் இரண்டு உண்டு. ஒன்று அனுப்புவது, மற்றது வாங்குவது. அனுப்பும் சுற்றில் நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் எழும் காந்தப் புலம் மண்ணுள் இறங்குகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டங்கள் பிறக்கின்றன. அவை தம் பங்குக்கு ஒரு சிறு காந்தப் புலத்தை எழுப்ப, வாங்கும் சுற்று அதை உணர்ந்து ஒலிக்கிறது. 1831இல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை.

உலோகம் மட்டும் பதில் சொன்னால் தொல்லையில்லை. மண்ணும் பதில் சொல்கிறது. நாம் வாழும் புணே நகரம் தக்காணப் பீடபூமியின் எரிமலைப் பாறைமீது அமர்ந்திருக்கிறது. ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வழிந்து உறைந்த பசால்ட் பாறை அது. அதில் மாக்னடைட் போன்ற காந்தத் தன்மையுள்ள இரும்புக் கனிகள் கலந்துள்ளன. பாறை சிதைந்து மண்ணானபோது அவையும் மண்ணோடு சேர்ந்தன. இத்தகைய மண்ணில் சிறு தோட்டின் குரல், சந்தை இரைச்சலில் குழந்தையின் அழுகை போன்றது.

என் தந்தையார் பிழைப்புக்காகக் கோவில்பட்டிக் கரிசலை விட்டுப் புணேவுக்கு வந்தபோது எனக்கு வயது எட்டு. அங்கும் கறுப்பு மண், இங்கும் கறுப்பு மண், இரண்டும் ஒன்றென்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். மண்ணின் நிறம் அதன் காந்தத் தன்மைக்கு அளவுகோல் அன்று. செம்மண்ணிலும் சில மிகுந்த காந்தம் உடையவை, சில அவ்வாறில்லை. நிறத்தை விட்டுக் காந்தத்தைக் கேளுங்கள். ஒரு காந்தத்தைப் பாலிதீன் பையிலிட்டு, உலர்ந்த மண்ணில் புரட்டி எடுங்கள். கரும்பொடி தாடிபோல் அப்பிக்கொண்டால், அந்த மண் உங்கள் கருவியோடு வாதாடப் போகிறது என்று பொருள்.

வடிவும் அளவும்

சுருள் வடிவங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று ஒருமைய வட்டச் சுருள். பெரிய வட்டத்துக்குள் சிறிய வட்டமாக இரு சுற்றுகளும் அமைந்திருக்கும். அதன் பார்வை மண்ணுக்குள் கூம்புபோல் குவிந்து இறங்கும். பொருள் இருக்கும் புள்ளியைத் துல்லியமாகக் காட்டுவதில் அது வல்லது. காந்தம் குறைந்த வண்டல் மண்ணிலும், அலை எட்டாத உலர் மணலிலும் நன்கு உழைக்கும். ஆனால் கூம்பு முழுவதிலும் உள்ள மண் அதனோடு பேசும். ஆகவே பசால்ட் மண்ணில் தடுமாறும்.

மற்றது ‘டபிள்-டி’ சுருள். ஆங்கில ‘டி’ எழுத்துப் போன்ற இரு சுற்றுகள், நடுவில் ஒன்றன்மீது ஒன்று சற்றே ஏறியிருக்கும். அது கூர்ந்து பார்ப்பது நடுவிலுள்ள ஒடுங்கிய பட்டையை மட்டுமே. ஒரு நேரத்தில் அது காணும் மண் குறைவு. எனவே இரைச்சலும் குறைவு. காந்த மண்ணுக்கு இதுவே ஏற்றது.

இனி அளவு. சுருள் பெரிதானால் ஆழம் கூடும் என்பது பாதி உண்மை. பெரிய பொருளுக்கு அது பொருந்தும். அதே மின்னோட்டமும் அதே எண்ணிக்கைச் சுற்றுகளும் இருந்தால், வட்டம் இரு மடங்காகும்போது அதன் மையத்தில் காந்தப் புலம் பாதியாகிறது. எனவே மேலாகக் கிடக்கும் சிறு தோட்டுக்குப் பெரிய சுருள் மந்தமானது. அது காணும் மண்ணும் மிகுதி. அன்றியும், சோடா மூடியும் தோடும் அருகருகே கிடந்தால் இரண்டையும் ஒன்றாகவே அது கேட்கும். குப்பை மலிந்த இடத்துக்கும் சிறு பொருளுக்கும் 15 சென்டிமீட்டர் அளவுள்ள சிறு சுருளே நன்று. பொதுத் தேடலுக்கு 23 முதல் 28 சென்டிமீட்டர் போதும். அதனினும் பெரியவை பரந்த வெளியில், பெரிய பொருளுக்கு.

ஆழத்துக்கும் எல்லை உண்டு. சுருளின் அகலத்தைவிட நன்கு தொலைவில் கிடக்கும் சிறு பொருளை எடுத்துக்கொள்வோம். போகும் புலம் தொலைவின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. திரும்பும் புலமும் அவ்வாறே. தொலைவு இரட்டித்தால் கிடைக்கும் பதில் 64இல் ஒரு பங்கு! சுருளைத் தரையை ஒட்டி ஒரே உயரத்தில் நகர்த்தச் சொல்வது இதனால்தான். விசிறிபோல் வீசினால் இரு ஓரங்களிலும் சுருள் மேலெழுந்து, ஆழம் வீணாகும்.

கடற்கரைக்குப் போகும் நண்பர்களுக்கு ஒரு சொல். அலை நனைத்த மணலில் தொல்லை தருவது உப்பு நீர். அது மின்சாரத்தைக் கடத்துவதால், மெல்லிய தங்கத்தைப் போலவே குரல் கொடுக்கும். அங்கே ‘டபிள்-டி’ சுருளோடு, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவி உதவும். ரத்தினகிரிக் கரையிலும் நம் மணவாளக்குறிச்சியிலும் உள்ளதுபோல் கறுப்பு மணலும் சேர்ந்தால், துடிப்பு முறைக் கருவிகளை நாடுவர். அவை ஒரு துடிப்பை அனுப்பிச் சற்றே பொறுத்துக் கேட்கும். அதற்குள் உப்பின் குரல் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் இரும்பையும் பொன்னையும் பிரித்துச் சொல்வதில் அவை வலியவை அல்ல.

மௌனத்தைச் சோதித்தல்

மூன்றாம் நாள் வேறு முறையில் தொடங்கினேன். அம்மாணவியின் மற்றொரு தோட்டை வாங்கி, நூலில் கட்டி, திடலின் மூலையில் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்தேன். முதல்நாள் செய்தபடியே பெரிய சுருளோடு, குறைத்த உணர்திறனோடு அதன்மேல் நடந்தேன். ஓர் ஒலியும் இல்லை! கையாலே புதைத்த தோட்டையே ‘இல்லை’ என்றது கருவி. அப்போது என் நெஞ்சு சுட்டதை எழுதத் தெரியவில்லை.

பிறகு சிறிய ‘டபிள்-டி’ சுருளை மாட்டினேன். சுத்தமான தரையின்மேல் அதை ஏற்றி இறக்கி, ஒலி மாறாத வரை மண்ணுக்கு ஏற்பச் சமன் செய்தேன். புதைத்த தோடு மெல்ல ஆனால் தெளிவாக ஒலித்தது. கயிறு கட்டித் திடலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடுமாறு நகர்ந்தேன். நான்கு மூடிகள், ஓர் ஆணி, ஓர் ஐந்து ரூபாய் நாணயம். தோடு கிடைத்தது பொங்கல் அடுப்பின் அருகே, இரண்டு விரற்கடை ஆழத்தில். தீயில் வெந்த மண்ணின் காந்தம் கூடுவதுண்டு. திடலிலேயே மிகுதியாக இரைந்த இடம் அது. அங்கே மட்டும் மீண்டும் சமன் செய்தபின்தான் கேட்டது.

இம்முறை என் கண்டுபிடிப்பன்று. கண்ணிவெடி அகற்றுவோர் வேலை தொடங்குமுன் ஒரு சோதனைப் பொருளை வைத்துக் கருவி ஒலிக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2009இல் போர் முடிந்தபின் இலங்கையின் வடபகுதியில் அப்பணியைச் செய்தவர்களில் தமிழ்ப் பெண்கள் பலர். சில வெடிகளில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். அங்கே ‘இல்லை’ என்று தவறாகச் சொன்னால் போவது தோடன்று. ஒரு கால், அல்லது ஓர் உயிர்.

மேதைகளும் இதில் வழுக்கியதுண்டு. 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் தூண்டல் முறைக் கருவி ஒன்றைக் கொண்டு குண்டைத் தேடினார். படுக்கையிலிருந்த உலோகக் கம்பிகள் குழப்பின. மருத்துவர் வலப்புறம் தேடவே இடம் கொடுத்தார். குண்டோ இடப்புறம் இருந்தது.

கருவி வாங்க விரும்புவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தோண்டுவது குற்றம். 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும் உண்டு. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும்.

தோடு கிடைத்த அன்றே அந்த மாணவியும் நானும் மாவ்ஷியைத் தேடிச் சென்றோம். என் பிழையை எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, “கிடைத்ததா? சரி, பத்திரமாகப் போட்டுக்கொள்” என்று அவளிடம் சொன்னார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நண்பர்களே, மண்ணை அறிந்து சுருளை மாட்டுங்கள். ‘இல்லை’ என்று சொல்லுமுன், இருந்தால் உங்கள் கருவிக்குக் கேட்டிருக்குமா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.