ஊருக்கு உழைப்பவர்கள் – 14: கமிஷன் இல்லாத மேசை

அக்டோபர் 15 பிறந்துவிட்டால் அமெரிக்காவின் நூலகங்களிலும் முதியோர் மையங்களிலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். ஓரமாக ஒரு மேசை, அதன்மேல் ஒரு மடிக்கணினி. இந்தப் பக்கம் எழுபதைத் தாண்டிய ஒருவர், கையில் பிளாஸ்டிக் பை. பையைக் கவிழ்த்தால் மாத்திரை டப்பாக்கள் உருண்டு விழும். அந்தப் பக்கம் இருப்பவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அவர் ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பி, மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், நாளைக்கு எத்தனை வேளை என்று கணினியில் ஏற்றுவார். “எந்தக் கடையில் மருந்து வாங்குவீர்கள்?” என்று கேட்பார். ஒரே மாத்திரைக்கு ஒரு கடையில் ஒரு விலையும் தெருமுனைக் கடையில் வேறு விலையும் இருக்கும். அது எந்த இன்சூரன்ஸ் திட்டத்தில் சேர்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே அந்தக் கேள்வி முக்கியம்.

ஒரு மணி நேரம் இப்படிப் போகும். முடிவில் பெரியவர் பர்ஸை எடுத்தால், காசு வேண்டாம் என்பார் எதிரே இருப்பவர். எடுத்த பர்ஸ் அப்படியே பைக்குள் போய்விடும்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர் ஒரு தன்னார்வலர். அவரைத் தேடிப் பிடித்து, பாடம் நடத்தி, தேர்வு வைத்து, அந்த நாற்காலியில் உட்காரவைத்த ஒருவர் உண்டு. அவரை யாரும் பார்ப்பதில்லை. இந்த வாரம் அவரைப் பற்றித்தான்.

முதலில் அந்த மேசை ஏன் தேவைப்பட்டது என்று பார்க்கலாம். 1965 ஜூலை 30 அன்று, மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டென்ஸ் நகரில், முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனின் நூலகத்தில் வைத்து மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார் அதிபர் லிண்டன் ஜான்சன். முதல் அட்டை ட்ரூமனுக்கே கிடைத்தது. 65 வயதானவர்களின் மருத்துவச் செலவை அரசு ஏற்கும் திட்டம் அது. அப்போது அதற்கு இரண்டே பகுதிகள்: பார்ட் ஏ மருத்துவமனைக்கு, பார்ட் பி டாக்டருக்கு. இரண்டும் சேர்ந்தும் முழுச் செலவையும் தரவில்லை. மிச்சத்துக்குத் தனியார் கம்பெனிகள் ‘மெடிகேப்’ என்ற துணை பாலிசியை விற்க ஆரம்பித்தன. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

1970-களில் ஏஜென்ட்டுகள் முதியவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, ஏற்கெனவே இருக்கும் பாலிசியின் மேல் இன்னொன்று, அதன்மேல் மற்றொன்று என்று தலையில் கட்டினார்கள். அப்போது ஓரிகன் மாநிலத்தில் ‘கிரே பேந்தர்ஸ்’ என்ற முதியோர் உரிமை அமைப்பை நடத்தி வந்தவர் ரான் வைடன். இன்று அவர் செனட்டர். முதியவர்களின் வீட்டுக்குப் போனால் ஷூ பெட்டி நிறைய பாலிசிகளை எடுத்து முன்னால் வைப்பார்கள் என்று அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பத்து பாலிசி வைத்திருந்தவருக்கும் பணம் வந்தது என்னவோ ஒன்றிலிருந்துதான். 1978-இல் கிளாட் பெப்பர் தலைமையிலான நாடாளுமன்றக் குழு இந்த மோசடிகளை விசாரித்தது.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் மறு ஆண்டே வழி கண்டது வாஷிங்டன் மாநில இன்சூரன்ஸ் கமிஷனர் அலுவலகம். 1979-இல் அது ‘ஷிபா’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஓய்வுபெற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தங்கள் வயதுக்காரர்களுக்கே இன்சூரன்ஸை விளக்கிச் சொல்லவைப்பது அதன் யோசனை. ஏஜென்ட் பேச்சை நம்பாதவர்கூடத் தன் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையை நம்புவார் அல்லவா? 1984-இல் கலிஃபோர்னியா ‘ஹைகேப்’ என்று தொடங்கியது. 1986-இல் வட கரோலினா. 1990-இல் மெடிகேப் பாலிசிகளை ஒழுங்குபடுத்திய அதே சட்டத்தின் மூலம், மாநிலந்தோறும் இத்தகைய ஆலோசனைத் திட்டம் நடத்த மத்திய அரசு பணம் தர முன்வந்தது. இன்று ஐம்பது மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ, குவாம், வர்ஜின் தீவுகள் என 54 இடங்களில் இது நடக்கிறது. பொதுப்பெயர் ‘ஷிப்’. ஃப்ளோரிடாவிலும் மாசசூசெட்ஸிலும் ‘ஷைன்’ என்றால்தான் தெரியும்.

இதற்குள் மெடிகேரும் அரிச்சுவடி போல வளர்ந்துவிட்டது. தனியார் கம்பெனி மூலம் எல்லாவற்றையும் பெறும் பார்ட் சி, அதாவது மெடிகேர் அட்வான்டேஜ், ஒரு பக்கம். 2006 ஜனவரியில் வந்த மருந்துக்கான பார்ட் டி இன்னொரு பக்கம். 2024-இல் சுமார் 6.8 கோடிப் பேர் இந்தக் காட்டுக்குள் இருந்தார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த ஏழெட்டு வாரம் டி.வி.யைப் போட்டால் விளம்பரம், தபால் பெட்டியைத் திறந்தால் விளம்பரம். 2025-இல் பெரும்பாலான மாநிலங்களில், அட்வான்டேஜ் திட்டத்தில் ஒருவரைப் புதிதாகச் சேர்க்கும் ஏஜென்ட்டுக்கு 626 டாலர் வரை கமிஷன் தர விதி அனுமதித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு அதில் பாதி.

எல்லா ஏஜென்ட்டும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நேர்மையாக வழிகாட்டுபவர்கள் நிறைய. ஆனால் எதையும் மாற்றாமல் அப்படியே இருங்கள், அதுதான் உங்களுக்கு நல்லது என்று சொல்வதற்குப் புதிதாக எந்தக் கமிஷனும் கிடையாது. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இனி, தன்னார்வலரை அந்த நாற்காலியில் உட்காரவைக்கும் ஒருங்கிணைப்பாளருக்கு வருவோம். பெரும்பாலும் இவர் கவுண்டியின் முதியோர் நல அலுவலகத்திலோ, ஒரு தொண்டு நிறுவனத்திலோ சம்பளத்துக்கு இருப்பவர். பல இடங்களில் இதோடு வேறு நாலு வேலையும் அவர் தலையில்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர், நர்ஸ், கணக்காளர், என்ஜினியர் எனப் பலர் தன்னார்வலராக வருவார்கள். இவர்களில் யாரை எடுப்பது? கெட்டிக்காரத்தனத்தை மட்டும் பார்த்து எடுத்தால் ஆபத்து. “எனக்குத் தெரியும், நீங்கள் இதையே எடுங்கள்” என்று சொல்லத் துடிக்கும் கெட்டிக்காரர் இந்த மேசைக்கு ஆகாது. ஷிப் ஆலோசகர் எந்தத் திட்டத்தையும் சிபாரிசு செய்யக் கூடாது. விலைகளை, விதிகளை, ஒவ்வொரு வழியிலும் வரக்கூடிய சிக்கலை எடுத்துச் சொல்லலாம். முடிவு எதிரே இருப்பவருடையது. இன்சூரன்ஸ் விற்பனையில் ஆதாயம் இருப்பவர் இங்கே உட்கார முடியாது.

கேட்க எளிதாக இருக்கும் இந்த விதிதான் கடைப்பிடிக்கக் கடினமானது. கண்ணில் நீர் முட்ட, “நீங்க என் இடத்தில் இருந்தா என்ன செய்வீங்க?” என்று ஒரு மூதாட்டி கேட்கும்போது வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது லேசல்ல. அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதை ஒருங்கிணைப்பாளர்தான் பழக்க வேண்டும். “உங்களுக்கு எது முக்கியம்? இப்போதிருக்கும் டாக்டரை விடாமல் இருப்பதா, மாதாமாதம் கட்டும் பணம் குறைவதா?” என்று கேள்வியைப் பிரித்துக் கொடுத்தால், மூதாட்டியே தன் பதிலைக் கண்டுபிடித்துவிடுவார். இந்தத் திட்டத்துக்கு உயிரே இந்தக் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. இது தளர்ந்தால், இதுவும் இன்னொரு விற்பனை மேசைதான்.

பயிற்சிக்கு வருபவர் வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதி, அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் இருந்து பார்த்துப் பழகிய பிறகே தனியாகப் பேச விடுவார்கள். குற்றப் பின்னணி உண்டா என்றும் விசாரிப்பார்கள். ஒருவரின் மருந்துப் பட்டியலைப் பார்த்தாலே அவருடைய நோயும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாத கவலையும் தெரிந்துவிடும். வருமானம் எவ்வளவு என்றும் கேட்டாக வேண்டும். அதைக் கேட்கத் தயங்கும் தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பாளர் விடாமல் உந்துவார். காரணம் இருக்கிறது. வருமானம் குறைந்தவருக்கு பார்ட் பி பிரீமியத்தை அரசே கட்டும் திட்டம் உண்டு. 2025-இல் அந்தப் பிரீமியம் மாதம் 185 டாலர். ஆண்டுக்கு 2,220 டாலர். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டால், எதிரே இருப்பவர் அத்தனை பணத்தையும் இழந்து எழுந்து போவார்.

பேசி முடித்ததும் ஒவ்வொரு சந்திப்பையும் மத்திய அரசின் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தன்னார்வலர்களுக்குப் பிடிக்காத வேலை இது. பதிவாகாத உதவி தலைநகர் வாஷிங்டனில் கணக்கில் வராது. பணம் கேட்டு நிற்கும்போது காட்ட எண் இருக்காது. பணம் நின்றுவிடுமோ என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. 2016-இல் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு ஷிப்புக்கான 5.2 கோடி டாலரை முழுவதுமாக நீக்கலாம் என்றது. முதியோர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. பணம் குறைந்தாலும் திட்டம் பிழைத்தது.

தவறு நேரக்கூடிய இடங்களை ஒருங்கிணைப்பாளர் மனப்பாடமாக வைத்திருப்பார். அவற்றில் கொடியது ஒன்று. 65 வயதைத் தாண்டி வேலை பார்ப்பவர், கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும்வரை பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம். வேலை போகிறது. பழைய கம்பெனியின் இன்சூரன்ஸையே தன் காசில் தொடரும் ‘கோப்ரா’ வசதி கிடைக்கிறது. கையில்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார். மெடிகேர் விதியோ கோப்ராவை வேலையோடு சேர்ந்த இன்சூரன்ஸாக ஏற்பதில்லை. வேலை முடிந்த நாளிலிருந்து எட்டு மாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது கடந்துவிட்டால், தாமதமான ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பத்து சதவீத அபராதம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. மூன்று ஆண்டு தாமதித்தவருக்கு 2025 கணக்கில் மாதம் 55 டாலர் 50 சென்ட் கூடுதல். இதை ஒருவர் சரியான மாதத்தில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடப் பேச்சோடு முடிந்திருக்கும். 65 ஆகப்போகிறவர்களுக்கென்று நூலகங்களில் மாலை நேர வகுப்புகளை ஒருங்கிணைப்பாளர்கள் நடத்துவது இதற்காகத்தான்.

மெடிகேப்பிலும் இப்படி ஒரு கதவு உண்டு. 65 வயதில் பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதம் எந்தக் கம்பெனியும் உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது. அதன்பின் பெரும்பாலான சூழல்களில் மறுக்கலாம். கனெக்டிகட், மாசசூசெட்ஸ், மெய்ன், நியூயார்க் போன்ற சில மாநிலங்களில் பிறகும் பாதுகாப்பு உண்டு. மலிவாக இருக்கிறதே என்று அட்வான்டேஜில் சேர்ந்து, நோய் வந்தபின் திரும்ப நினைப்பவர் இந்த மூடிய கதவில்தான் வந்து முட்டுகிறார்.

இந்தக் கதவுகள் கடல் கடந்து வந்த நம் பெற்றோருக்கும் பொருந்தும். சியாட்டிலிலும் நியூஜெர்சியிலும் டல்லாஸிலும் மகன் அல்லது மகள் வீட்டில் கிரீன் கார்டோடு வாழும் தமிழ்ப் பெரியவர்கள் ஏராளம். 65 வயதான கிரீன் கார்டுக்காரர், அமெரிக்காவில் தொடர்ந்து ஐந்து ஆண்டு வசித்திருந்தால் மெடிகேரில் பணம் கட்டிச் சேரலாம். மகன் எத்தனை வருடம் வரி கட்டியிருந்தாலும் அது பெற்றோர் கணக்கில் சேராது. தாமோ கணவனோ மனைவியோ அங்கே வேலை பார்த்திராதவர் பார்ட் ஏ-க்கும் பிரீமியம் கட்ட வேண்டும். 2025-இல் அது மாதம் 518 டாலர். பார்ட் பி-யும் சேர்த்தால் தலைக்கு 703 டாலர். இரண்டையும் எடுப்பதா, பார்ட் பி மட்டும் போதுமா, வருமானம் குறைவென்றால் மாநில உதவி கிடைக்குமா என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னதை வைத்து முடிவெடுக்கிற விஷயமல்ல இது.

அம்மா அப்பாவுக்கு ஐந்து ஆண்டு எந்த மாதம் நிறைகிறது என்று இன்றே பாருங்கள். அதற்குச் சில மாதம் முன்பே உங்கள் மாநிலத்தின் ஷிப் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். செலவு எதுவும் இல்லை. அமெரிக்காவில் ஓய்வுபெற்றுவிட்ட தமிழர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. மாத்திரைப் பையோடு வரும் ஒரு பாட்டியிடம் தமிழிலேயே பேசக்கூடியவர்கள் அந்த மேசைக்குத் தேவை. உங்கள் ஊர் ஒருங்கிணைப்பாளரைப் போய்ப் பாருங்கள். பயிற்சியை அவர் தருவார்.

(தொடரும்)