சுவரில் இருந்த கதாநாயகன்

1983-ல் கபில் தேவ் உலகக் கோப்பையைத் தூக்கியபோது எனக்கு வயது 10. கரோல்பாக் வீட்டுச் சுவரில் அவர் படம்தான். வெற்றி என்றால் கோப்பை! வேலைக்கு வந்ததும் மேலதிகாரியின் காரும் தனி அறையும் அந்த இடத்தைப் பிடித்தன.

அந்த நாற்காலியில் நானே அமர்ந்தபின், ஒருநாள் கணக்கில் பெரிய தவறு. கூட்டத்தில் உதவியாளரைக் கைகாட்டித் தப்பித்தேன். இரவெல்லாம் தூக்கமில்லை.

சதீஷ் தவான் நினைவுக்கு வந்தார். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்கள் முன் பொறுப்பேற்றவர் அவர். 1980 ஜூலையில் வென்றபோது அப்துல் கலாமைப் பேச வைத்தார்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன்.

இன்று என் மகன் அறையிலும் ஒரு கிரிக்கெட் வீரர் படம். இருக்கட்டும், அவனுக்கும் வயது 10தானே!