பொரிப்பதற்கு முன்பே ஒரு வேளை உணவு

கறிக்கோழிக் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவர 21 நாள் ஆகிறது. அதன்பின் ஏறக்குறைய 40 நாளில் கடைக்குப் போய்விடுகிறது. ஆக, அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்குள்ளேயே கழிகிறது. தீவனம், கொட்டகை, தண்ணீர் என்று நாம் படும் கவலையெல்லாம் மீதி நாட்களைப் பற்றித்தான். ஆனால் நெஞ்சுத் தசையில் எத்தனை இழைகள் இருக்கும் என்பது பொரிப்பதற்குள் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதன்பின் அந்த இழைகள் பருக்கத்தான் முடியும். பருப்பதற்கு வேண்டிய புதிய உட்கருக்களை, இழைகளை ஒட்டியிருக்கும் துணைச் செல்கள் தருகின்றன. அவை மும்முரமாகப் பெருகுவது பொரிப்பை ஒட்டிய சில நாட்களில்.

குஞ்சு பட்டினி கிடப்பதும் அதே நாட்களில்தான். முட்டையில் புரதமும் கொழுப்பும் ஏராளம். மாவுச்சத்தோ ஒரு சதவீதம் அளவுக்குக்கூடத் தேறாது. ஓட்டை உடைக்கும் நேரத்தில் ஆக்சிஜன் போதாததால் கொழுப்பை எரித்துச் சமாளிக்க முடியாது, குளுக்கோஸ்தான் வேண்டும். ஈரலில் சேர்ந்திருந்த கிளைகோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்ததும் கரு தன் தசைப் புரதத்தையே கரைத்துச் சர்க்கரையாக்குகிறது. வெளியே வந்தபின்னும் உடனே தீவனம் கிடைப்பதில்லை. முந்திப் பொரித்தவை மற்றவற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். பிறகு தடுப்பூசி, வண்டிப் பயணம். முதல் தீவனத்துக்கு இரண்டு நாள்கூட ஆகலாம்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் இஸ்ரேலிய ஆய்வாளர் செஹாவா யூனியும் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் ஃபெர்கெட்டும் ஒரு வழி கண்டு, 2003இல் காப்புரிமை பெற்றார்கள். பொரிப்பதற்குச் சில நாள் முன்பு, சர்க்கரைப் பொருட்களும் அமினோ அமிலம் சார்ந்த சத்துகளும் கலந்த கரைசலைக் கருவைச் சூழ்ந்த பனிக்குட நீரில் செலுத்துவது. ஓட்டை உடைக்குமுன் கரு அந்த நீரை விழுங்கும். சத்து குடலுக்குப் போகும். அப்படிப் பொரித்த குஞ்சுகளின் ஈரலில் கிளைகோஜனும், உடலில் நெஞ்சுத் தசையின் பங்கும் கூடியிருந்ததைச் சோதனைகள் காட்டின.

'கோழிக்கு ஹார்மோன் ஊசி' என்று ஊரில் உலவும் அச்சத்தோடு இதைச் சேர்க்கக் கூடாது. இது உணவு, ஹார்மோன் அல்ல. இயற்கையான முட்டையில் குறை ஏது என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு: அசுர வேகத்தில் வளரவென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம் இது, அதன் தேவை காட்டுக்கோழியின் தேவை அல்ல. வலுவான ஆட்சேபம் வேறு. கரைசல் அடர்ந்துவிட்டாலும், ஊசி இடம் தவறினாலும், சுத்தம் குறைந்தாலும் பொரிப்பு விகிதம் விழும். பல சோதனைகளில், முதல் வாரத்தில் தெரிந்த எடை வித்தியாசம் விற்பனை வயதில் மங்கிவிட்டது. இதை மறைத்து இந்த முறையை விற்பது பண்ணையாளருக்குச் செய்யும் அநியாயம்.

மங்கியது என்பதால் அடிப்படை உண்மை பொய்யாகாது. கருவில் கொடுத்த சத்துக்குப் பின் இரண்டு நாள் பட்டினி போட்டால் பலன் எப்படி நிற்கும்? முட்டைக்குள் தடுப்பூசி போடும் இயந்திரம் ஏற்கெனவே உள்ள பொரிப்பகங்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். பல்லடம் போன்ற கறிக்கோழி வட்டாரங்களின் பண்ணைகளுக்குக் குஞ்சு தரும் மற்ற பொரிப்பகங்கள் முதலில் தாய்க்கோழியின் தீவனத்தைச் சீராக்கட்டும். பொரித்த குஞ்சுக்குத் தண்ணீரும் தீவனமும் போய்ச் சேரும் நேரத்தைக் குறைக்கட்டும். அதற்கு ஊசி வேண்டியதில்லை.