உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர்ப் பந்தில் தங்கம்!

சுருளிப்பட்டி வாய்க்காலில் குதித்து வளர்ந்தவர்களுக்கு நீச்சல் புதிதல்ல. ஆனால் நீந்திக்கொண்டே கோல் அடிக்கும் வாட்டர் போலோவில் இந்தியா ஆசியத் தங்கம் வென்றது தெரியுமா?

1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சிங்கப்பூரை 6-4 என வீழ்த்தினோம். மோதியதே இரண்டு அணிகள்தான்! ஆனாலும் தங்கம் தங்கம்தானே. அந்தப் போட்டியில்தான் சச்சின் நாக் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலிலும் தங்கம் வென்றார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சிலியை 7-4 என வென்ற இந்திய வாட்டர் போலோ அணியிலும் அவர் இருந்தார்.

அணிக்கு ஏழு பேர். தரையில் கால் ஊன்றக் கூடாது. கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் ஒரு கையால்தான் பந்தைத் தொடலாம். கால்கள் இரண்டும் முட்டை அடிக்கும் கருவிபோல மாறி மாறிச் சுழல வேண்டும். நின்றால் முங்கிவிடுவார்கள். அந்தச் சுழற்சியில்தான் இடுப்புவரை மேலெழும்பிப் பந்தை வீசுகிறார்கள். ஒரு சுற்றுக்கு 8 நிமிடம், நான்கு சுற்று. பார்ப்பதற்கு விளையாட்டு, ஆடுவதற்குத் தண்டனை!

ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிறகு 1970 பாங்காக்கில் வெள்ளி, 1982 டெல்லியில் வெண்கலம். ஒலிம்பிக்கில் கடைசியாக ஆடியது 1952 ஹெல்சிங்கியில். அதன்பின் இந்திய ஆண்கள் அணி ஒலிம்பிக் குளத்தில் இறங்கவே இல்லை.