ஓடைக்கு நாடி பார்க்கும் பூச்சிகள்!

குற்றாலம், கொல்லிமலை என்று போனால் ஓடைத் தண்ணீரைக் கண்டதும் கை தானாக அள்ளிவிடும். "கண்ணாடி மாதிரி இருக்கே டாக்டர், இதுல என்ன இருக்கப் போவுது?" என்பார்கள். தெளிவு வேறு, சுத்தம் வேறு. ஓட்டத்தில் கிடக்கும் ஒரு உள்ளங்கை அகலக் கல்லைப் புரட்டிப் பாருங்களேன்.

அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, சரேலென்று நழுவி ஓடுகிறதா ஒரு பூச்சி? வாலை எண்ணுங்கள். பெரும்பாலும் 3 இழை இருக்கும். வயிற்றின் இரு ஓரத்திலும் குட்டி இலைகள் மாதிரி செவுள்கள் இருக்கும். அதுதான் மேஃப்ளையின் இளம்பருவம். சில வகைக்கு 2 வால்தான். அப்போது லென்ஸ் வைத்துக் கால் நுனியைப் பாருங்கள். ஒற்றை நகம் என்றால் மேஃப்ளை, இரட்டை நகம் என்றால் ஸ்டோன்ஃப்ளை. மாதக்கணக்கில் தண்ணீருக்குள் வளரும் மேஃப்ளை, சிறகு முளைத்தபின் இருப்பதென்னவோ சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். பாவம், சாப்பிட வாய்கூட வேலை செய்யாது!

மணலையும் குச்சியையும் பட்டு நூலால் ஒட்டி, அந்தக் கூட்டைச் சுமந்துகொண்டே நகர்ந்தால் அது கேடிஸ் புழு.

இவையெல்லாம் பிராணவாயு நிறைந்த தண்ணீரை விரும்புபவை. சாக்கடை கலந்தால் கழிவைத் தின்னும் கிருமிகள் பெருகி அந்த வாயுவை உறிஞ்சிவிடும். முதலில் காணாமல் போவது ஸ்டோன்ஃப்ளையும், மேஃப்ளையில் பல வகைகளும்தான். பிறகு சேற்றில் நெளியும் சிவப்புப் புழுக்களின் ராஜ்ஜியம். நம் ரத்தத்தில் இருப்பது போலவே அதற்கும் ஹீமோகுளோபின் உண்டு. குறைந்த வாயுவிலும் சமாளித்துக்கொள்ளும். வாலை மூச்சுக்குழாய் மாதிரி மேலே நீட்டும் புழுவைப் பார்த்தால், அங்கே கால்கூட நனைக்க வேண்டாம்.

சரி, மேஃப்ளை இருந்தால் குடிக்கலாமா? கூடாது! பூச்சி சொல்வது ஓடையின் ஆரோக்கியத்தை; டைபாய்டு, காமாலைக் கிருமிகளை அது காட்டிக்கொடுக்காது. மேலே ஒருவர் மலம் கழித்திருந்தால் போதும். எங்கள் வைத்தியத்தில் தேற்றான்கொட்டை உண்டு. கலங்கலைத் தெளிய வைக்கும். ஆனால் அதை மட்டும் நம்பிக் குடித்துவிடாதீர்கள். தளதளவென்று 1 நிமிஷமாவது கொதிக்கட்டும்.

அப்புறம், புரட்டிய கல்லை எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே மெதுவாக வைத்துவிடுங்கள். செவுள் காய்ந்தால் அதுகள் செத்துப்போகும்.