தூங்குமூஞ்சி மரத்தின் 314 சதுர மீட்டர்

2018-இல் வெளிவந்த மும்பை மாநகராட்சியின் கணக்கெடுப்புப்படி நகரத்தில் 29,75,283 மரங்கள். தனியார் வளாகங்களில் 15,63,701, அரசு வளாகங்களில் 11,25,182, சாலையோரம் 1,85,333, பூங்காக்களில் 1,01,067. ஆக, பத்தில் ஒன்பது மரம் மதிலுக்குள் நிற்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எண்ண வேண்டும் என்பது சட்டம். ஒரு மரத்தை நேரில் பார்த்து எழுத 20 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலே 5.95 கோடி ரூபாய். பழைய பதிவு வான்படத்தோடு ஒத்துப்போகாதவை பத்தில் ஒரு பங்கு என்று கொண்டு, அவற்றை மட்டும் போய்ப் பார்த்தால் 59.5 லட்சம் போதும்.

ஆனால் எந்தப் படம்? 6 மீட்டர் அகலத் தழை 28.3 சதுர மீட்டரை மூடும். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சலே 100 சதுர மீட்டர். மரம் அதில் கால் பங்குதான். 2019 நவம்பரில் ஏவப்பட்ட கார்டோசாட்-3 தரும் 25 செ.மீ. கருப்பு வெள்ளைப் படத்தில் அதே மரம் சுமார் 450 பிக்சல். சுமார் 2.4 சதுர கி.மீ. பரப்புள்ள தாராவிக்கு மொத்தம் 3.84 கோடி பிக்சல் வரும். ட்ரோன் வைத்து 10 செ.மீ. நுணுக்கத்துக்குப் போனால் 24 கோடி.

நிறத்தை மட்டும் நம்பினால் தாராவியில் ஏமாற்றம்தான்; பச்சைத் தார்ப்பாயும் பச்சைதான். இங்கே வடிவம் கைகொடுக்கிறது. பரப்பை 4π-ஆல் பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால் வட்டத்துக்கு 1 வரும், சதுரத்துக்கு 0.785, அகலத்தைப் போல மூன்று மடங்கு நீளமான தகரக் கூரைக்கு 0.59. கூரைகள் இப்படிக் கழிந்துவிடும். 1.2 மீட்டர் அகல வட்டத் தண்ணீர்த் தொட்டி மட்டும் தப்பி வந்து நிற்கும். 25 செ.மீ. படத்தில் அது 18 பிக்சல்தான் என்பதால் அளவை வைத்து அதையும் நீக்கலாம்.

மாட்டுங்காவில் இந்தச் சூத்திரம் தடுமாறும். சாலையின் இருபுறத் தூங்குமூஞ்சி மரங்களும் மேலே கைகோத்துக்கொள்வதால் இரண்டு மரம் ஒன்றாகத் தெரியும். விளிம்பிலிருந்து உள்நோக்கித் தூரம் அளந்து, மழைநீர் பிரியும் மேட்டைப் போலக் கோடு கிழிக்கும் முறை 1979 முதலே உண்டு. ஆனால் மூன்று கவைகளாகப் பிரிந்த ஒரே மரத்தை அது மூன்றாகவும் வெட்டிவிடும். செம்பூர் சொசைட்டிகளின் தென்னைக்கு வேறு சிக்கல். ஓலைகள் நட்சத்திரமாக விரிவதால் சுற்றளவு எகிறி, மதிப்பெண் தகரக் கூரைக்கும் கீழே போகும். தென்னைக்குத் தனி வார்ப்புரு வேண்டும். 2017 ஜூலையில் செம்பூரில் தென்னை விழுந்து ஒரு பெண் இறந்தார். தண்டின் உளுப்பை எந்த வான்படமும் காட்டாது, அதற்கு ஆள்தான் போக வேண்டும்.

எண்ணிக்கையில் இத்தனை தடுமாற்றம் இருந்தும் வான்பட முறையை நான் வலியுறுத்தக் காரணம் பரப்பளவு. மார்ட்டின் பிராண்ட் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வு, இந்திய வயல்களில் 2010-11-இல் இருந்த பெரிய மரங்களில் சுமார் 11 சதவீதம் 2018-க்குள் மறைந்ததைக் காட்டியது. அவை சராசரியாக 96 சதுர மீட்டர் தழை கொண்டவை. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் புதுக் கன்றுகளின் எண்ணிக்கை இந்த இழப்பை மூடியிருக்கலாம்.

மகாராஷ்டிரத்தின் 2021 சட்டத் திருத்தப்படி, 50 வயதோ அதற்கு மேலோ ஆன தொன்மை மரத்தை வெட்டினால் அதன் வயது எத்தனையோ அத்தனை கன்று நட வேண்டும். 20 மீட்டர் விரிந்த 50 வயதுத் தூங்குமூஞ்சி மரம் 314 சதுர மீட்டர் நிழல் தரும். ஒரு மீட்டர் விரிந்த 50 கன்றுகள் தருவது 39 சதுர மீட்டர். ஏட்டில் 49 மரம் வரவு. தெருவில் 275 சதுர மீட்டர் நிழல் பற்று. வெட்ட அனுமதி கேட்கும் ஒவ்வொரு கோப்பிலும் அந்த மரத்தின் தழைப்பரப்பு படத்திலிருந்து அளந்து எழுதப்பட வேண்டும். பருவமழைக்கு முந்தைய கிளை வெட்டுக்கு முன், ஆண்டுதோறும் அதே மாதத்தில் கன்றுகளையும் அளந்து, 314 எட்டும்வரை அந்தக் கோப்பைத் திறந்தே வைக்க வேண்டும்.